நோய்க்காலத்தில் பன்றிப் பண்ணைக்கு உச்சவரம்பு போடலாமா?

வாடிப்பட்டிப் பக்கம் ஓர் ஊராட்சியின் வார்டு உறுப்பினர் கேட்டிருக்கும் கேள்வி இது. ஊர் எல்லையில் மூன்று வெண்பன்றிப் பண்ணைகள் இருக்கின்றன. பெரிய பண்ணையில் சின்னதும் பெரிதுமாக 600 உருப்படி. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் போல ஏதாவது கிளம்பினால், 'ஒரு பண்ணையில் 100 பன்றிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது' என்று கிராமசபையில் தீர்மானம் போடலாமா? போட்டால் செல்லுமா? ஊர் மாடுகளுக்கும் ஆட்களுக்கும் அதனால் பாதுகாப்பு உண்டா? தீர்மானத்தை எப்படி எழுதுவது?

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். நோய் வந்த பிறகு தலை எண்ணிக்கைக்கு உச்சவரம்பு போடுவதில் பயன் இல்லை, கெடுதல்தான் உண்டு. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தவே கூடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அதை நோய் இல்லாத காலத்தில் செய்ய வேண்டும், பன்றியின் தலையை எண்ணிச் செய்யக் கூடாது, கொட்டகையில் மிச்சம் இருக்கும் இடத்தை அளந்து செய்ய வேண்டும். மதுரை, திண்டுக்கல் வட்டாரத்தில் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பண்ணைக்காரர்கள் பக்கமும் ஊர்க்காரர்கள் பக்கமும் உட்கார்ந்து பேசியிருக்கிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சட்டத்தில் தொடங்குவோம், அது சீக்கிரம் முடிந்துவிடும். விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2009-ல் வந்தது. எந்தப் பகுதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி என்று அறிவிப்பது, கால்நடை நடமாட்டத்தை நிறுத்துவது, நோய் கண்ட விலங்கை அழிப்பது எல்லாம் அந்தச் சட்டப்படி அரசும் கால்நடை பராமரிப்புத் துறையும் செய்ய வேண்டியவை. கிராமசபை 'பன்றியைக் குறை' என்று உத்தரவு போட முடியாது. ஆனால் அதே சட்டத்தில் ஊராட்சிக்கு வேறொரு வேலை இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. தன் கால்நடைக்குப் பட்டியலில் உள்ள நோய் இருக்கலாம் என்று சந்தேகப்படும் உரிமையாளர் அதை முதலில் தெரிவிக்க வேண்டிய இடம் கிராம அலுவலர் அல்லது ஊராட்சி. அங்கிருந்துதான் தகவல் எழுத்துமூலமாகக் கால்நடை மருத்துவரிடம் போகிறது. ஆக, பண்ணைக்காரர் உங்களைப் பார்த்துப் பயந்து வாயை மூடிக்கொண்டால் சட்டத்தின் முதல் கண்ணியே அறுந்துபோகும். உங்கள் தீர்மானத்தின் ஒவ்வொரு வரியையும் இந்தக் கோணத்தில் ஒருமுறை படித்துப் பாருங்கள்: இதைக் கேட்ட பிறகு பண்ணைக்காரர் நோயைச் சொல்வாரா, மறைப்பாரா?

அடுத்து, எந்த நோய் என்று கேட்க வேண்டும். எல்லாவற்றையும் 'பன்னிக் காய்ச்சல்' என்று ஒரே பையில் போட்டுப் பேசுகிறோம், அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. 2009-ல் மனிதர்களுக்கு வந்த பன்றிக் காய்ச்சல் ஃபுளூ வகை, அது முற்றிலும் வேறு. பன்றிகளுக்கு நெடுங்காலமாக வரும் பழைய பன்றிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி இருக்கிறது. போட்டால் நிற்கும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு இந்தியாவில் போடக்கூடிய தடுப்பூசி இல்லை. வந்தால் பண்ணையில் ஏறக்குறைய எல்லாம் சாகும். ஆனால் அது மனிதனுக்கும் வராது, மாடு ஆட்டுக்கும் வராது. 1921-ல் கென்யாவில் முதலில் விவரிக்கப்பட்ட நோய் அது. 2018 ஆகஸ்டில் சீனாவில் கிளம்பியது, 2020-ல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் உறுதியானது, 2022-ல் வயநாட்டுக்கு வந்தது, 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகளிடம் காணப்பட்டது. மதுரைக்காரர்கள் தூரத்துச் சங்கதி என்று நினைக்க இனி வழியில்லை.

கோமாரி வேறு கதை. காணை என்றும் சொல்வோமே, அதுதான். பன்றிக்குக் கோமாரி வந்தால் அது மூச்சில் வெளியே தள்ளும் வைரஸ் மாட்டைவிடப் பல மடங்கு அதிகம். ஊர் மாடுகளைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டால் கவலைப்பட வேண்டிய நோய் இதுதான். அலங்காநல்லூரும் பாலமேடும் பக்கத்தில் இருக்கும்போது ஜல்லிக்கட்டு மாடு வைத்திருப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வித்தியாசம் எண்ணிக்கைக் கேள்வியை நேரடியாகத் தொடுகிறது. கோமாரியில் நெரிசல் முக்கியம், காற்றிலேயே பரவும். ஆப்பிரிக்கக் காய்ச்சல் அப்படிக் காற்றில் ஊர்விட்டு ஊர் பறப்பதில்லை. ரத்தம், சாணம், இறைச்சித் துண்டு, செருப்பு, லாரியின் பலகை, தீவன டிரம், இவைதான் அதைச் சுமந்து போகின்றன. ஒரு பண்ணையில் 600 பன்றி இருப்பதால் பக்கத்துப் பண்ணைக்கு நோய் தாவுவதில்லை. இரண்டு பண்ணைக்கும் ஒரே ஆள் போய்வருவதால் தாவுகிறது. 100 என்று நீங்கள் வரம்பு போட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 600 பன்றி வைத்திருப்பவர் மச்சான் பெயரில் ஒன்று, சித்தப்பா பெயரில் ஒன்று என்று ஆறு கொட்டகை போடுவார். அதே வேலையாள், அதே வண்டி, அதே டிரம் ஆறு இடத்துக்கும் போகும். ஒரு வாசலைக் காவல் காத்தது போய் ஆறு வாசல் ஆகிவிடும். அசாமில் அடி வாங்கியதில் பெரும்பகுதி வீட்டுப் பின்னால் இரண்டும் மூன்றுமாக வளர்த்தவர்கள்தான். சின்னப் பண்ணை என்றால் பத்திரம் என்று நினைக்க எந்த முகாந்திரமும் இல்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பன்றிப் பண்ணையை நிறுத்தி வைக்க முடியாது. துணிக்கடையைப் பூட்டினால் துணி அப்படியே கிடக்கும், பன்றி தினமும் அரைக்கிலோ ஏறிக்கொண்டே இருக்கும்.

கணக்காகவே பார்ப்போம். 50 தாய்ப்பன்றி உள்ள பண்ணை. ஒரு தாய் வருஷத்துக்குச் சராசரி 1.8 ஈற்று, ஓர் ஈற்றுக்குப் பிழைத்து வருவது 8 குட்டி என்று வைத்தால் வருஷத்துக்கு 720 குட்டி, மாசத்துக்கு 60. ஒன்பது மாசம் வளர்த்து 90, 100 கிலோவில் விற்கிறார் என்றால் எந்த நாளில் போய் எண்ணினாலும் வளரும் பன்றி 540 இருக்கும். தாயும் கடாவும் சேர்த்தால் கிட்டத்தட்ட 600. உங்கள் ஊர்ப் பெரிய பண்ணை அநேகமாக இதே அளவுதான். மாசம் 60 உள்ளே வருகிறது, 60 வெளியே போகிறது, பண்ணை ஓடுகிறது.

ஆப்பிரிக்கக் காய்ச்சலுக்கு மத்திய அரசு 2020-ல் வகுத்த செயல்திட்டப்படி, நோய் உறுதியான இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டர் நோய்ப் பகுதி. அங்கே உள்ள பன்றிகள் அத்தனையும் அழிக்கப்படும். 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்புப் பகுதி. அங்கே பன்றியைக் கொல்வதில்லை, ஆனால் அசைக்க விடுவதில்லை. 10 கிலோமீட்டர் ஆரம் என்றால் 314 சதுர கிலோமீட்டர். வாடிப்பட்டியை நடுவில் வைத்து வட்டம் போட்டால் சோழவந்தான் உள்ளே வந்துவிடும். உங்கள் மூன்று பண்ணையில் எதிலுமே நோய் இல்லாமல், எட்டுக் கிலோமீட்டர் தள்ளி யாரோ ஒருவருடைய பண்ணையில் வந்தாலும் உங்கள் ஊர் வாசல் அடைபடும்.

மூன்று மாசம் அடைபட்டதாக வைத்துக்கொள்வோம். மாதிரி போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகத்துக்குப் போய் உறுதியாகி வர வேண்டும், அழிப்பு முடிய வேண்டும், கிருமிநாசினி அடிக்க வேண்டும், புதிதாக எதுவும் வரவில்லை என்று காத்திருந்து பார்க்க வேண்டும், நடுவில் இன்னொரு பண்ணையில் வந்தால் மறுபடி முதலிலிருந்து. ஆகவே மூன்று மாசம் என்பது மிகை இல்லை. இந்த மூன்று மாசத்தில் வெளியே போக வேண்டிய 180 பன்றி உள்ளேயே நிற்கும். புதிதாக 180 குட்டி பிறக்கும். 600 என்பது 780 ஆகும். நிற்கிற 180-ம் சாதாரணப் பன்றி இல்லை, 100 கிலோ, 120 கிலோ, 130 கிலோ உருப்படிகள். ஐந்து மாசத்துக்கு மேற்பட்ட பன்றிக்குக் கூரைக்குக் கீழே 1.3 முதல் 1.8 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஒன்றரை என்று வைத்தாலும் 180 பன்றிக்கு 270 சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட ஆறே முக்கால் சென்ட் கூரை. திறந்த முற்றத்துக்கு அதே அளவு இன்னொரு மடங்கு. தீவனம் ஒரு பன்றிக்கு இரண்டரைக் கிலோ என்று பார்த்தால், மூன்றாவது மாசத்தில் இந்த 180-க்கு மட்டும் தினம் 450 கிலோ, ஒன்பது மூட்டை. அதே நேரத்தில் ஓட்டல் மிச்சம் கொண்டு வருவதையும் தடை செய்திருப்பார்கள், ஆகவே அத்தனையும் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

இந்த நிலையில் இருக்கும் ஒருவரிடம் போய் 'உன் கொட்டகையில் கூட்டம் அதிகம், 100-க்குக் குறை' என்றால் அவர் எப்படிக் குறைப்பார்? ஒரே வழி, ராத்திரி இரண்டு மணிக்கு லாரி. தார்ப்பாய் மூடி, தேனி, கம்பம் வழியாக எல்லை தாண்ட முயற்சி, இல்லையென்றால் ஏதாவது ஒரு கறிக்கடைப் பின்கட்டு. நோய் பரவ இதைவிட நல்ல வழி வைரஸே யோசித்தாலும் கிடைக்காது. சீனாவில் 2018-ல் மாகாண எல்லைகளை அடைத்தபோது நடந்தது இதுதான். அடைத்த மாகாணத்தில் விலை விழுந்தது, தட்டுப்பாடு வந்த மாகாணத்தில் விலை ஏறியது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தவன் லாரியை எடுத்தான்.

நெதர்லாந்தில் 1997-ல் நடந்ததை இந்த விஷயம் பேசும் எவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அங்கே வந்தது பழைய பன்றிக் காய்ச்சல். நோய் உறுதியான பண்ணைகள் 429. அழித்த பன்றிகளோ ஒரு கோடியைத் தாண்டும். அதில் நோய்ப் பண்ணைகளிலும் அவற்றின் அக்கம்பக்கத்திலும் முன்னெச்சரிக்கையாகக் கொன்றவை சிறுபகுதிதான். பெரும்பகுதி நோயே இல்லாத பன்றிகள். நடமாட்டத் தடையால் கொட்டகை நிரம்பி வழிந்து, ஒன்றின் மேல் ஒன்று நிற்கும் நிலை வந்ததால், அரசே காசு கொடுத்து வாங்கி அழித்தது. பிறகுதான் புத்தி வந்து, அந்த வருஷம் ஜூனில் தடைப் பகுதிகளில் இனப்பெருக்கத்துக்கே தடை போட்டார்கள். பன்றியின் சினைக்காலம் 114 நாள். ஜூனில் சேர்க்கையை நிறுத்தினால் குட்டி வரத்து குறைவது அக்டோபரில்தான் தெரியும். அதுவரை ஏற்கெனவே சினையாக இருந்தவை ஈன்றுகொண்டே இருந்தன. இந்த நான்கு மாசத் தாமதம் எந்த அரசாணையாலும் குறையாது.

சீனா இன்னொரு பக்கம் போனது. நோயில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பன்றிகளை இழந்து, பிறகு அடுக்குமாடிப் பண்ணை வரை கட்டித் தள்ளி, அளவுக்கு மீறி உற்பத்தியாகி விலை கவிழ்ந்தது. 2021-ல் நாடு முழுவதற்கும் தாய்ப்பன்றி 4.1 கோடி என்று ஓர் இலக்கு வைத்தார்கள், 2024-ல் அதை 3.9 கோடியாகக் குறைத்தார்கள். அது விலைக்காகச் செய்தது, நோய்க்காக இல்லை. ஆனால் அதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் எண்ணுவது தாய்ப்பன்றியை. கொட்டகையில் நிற்கும் கறிப்பன்றியை எண்ணிக் கட்டுப்படுத்தினால் பத்து மாசம் லேட். தாயை எண்ணினால் அடுத்த பத்து மாசம் கையில் இருக்கும்.

சரி, நம் ஊருக்கு வருவோம். நஷ்ட ஈடு விஷயத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அரசு அழிக்கும் பன்றிக்கு எடைப்படி இழப்பீடு உண்டு. 15 கிலோ வரை 2,200 ரூபாய், 40 வரை 5,800, 70 வரை 8,400, 100 வரை 12,000, அதற்கு மேல் 15,000. கேரளத்தில் 2022-ல் இந்த விகிதத்தில்தான் கொடுத்தார்கள். நம் போன்ற மாநிலங்களில் மத்திய அரசும் மாநிலமும் பாதிப் பாதி. ஆனால் தானாகச் செத்த பன்றிக்கு எதுவும் இல்லை, கண்காணிப்புப் பகுதியில் பூட்டி வைத்த பன்றிக்கும் எதுவும் இல்லை. கொன்ற பன்றிக்குக் காசு, காத்திருக்கும் பன்றிக்குக் கைவிரிப்பு. ஒன்பது மூட்டைத் தீவனக் கணக்கைப் பார்த்தீர்கள் அல்லவா, அது முழுக்கப் பண்ணைக்காரர் தலையில். என் அபிப்பிராயத்தில், நோய்க்காலத்தில் எண்ணிக்கையைக் குறைக்க அரசு உண்மையாகவே விரும்பினால் முதலில் அடைக்க வேண்டிய ஓட்டை இது. 10 கிலோமீட்டர் வட்டத்துக்குள் எடை மீறிய பன்றிகளை நிர்ணய விலையில் வாங்கி, அதே வட்டத்துக்குள் மேற்பார்வையில் வெட்ட ஏற்பாடு செய்தால் ராத்திரி லாரிக்கு வேலை இல்லை. இது கிராமசபை செய்யக்கூடியது இல்லை, ஆனால் கேட்டு எழுதலாம்.

அப்படியானால் ஊராட்சி எதைக் கட்டுப்படுத்தலாம்? அனுமதி கொடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் கொட்டகை இடத்தைக் கேட்கலாம். பெரும்பாலான அனுமதிப் பேச்சு நாற்றத்தையும் சாக்கடையையும் சுற்றியே போகும். அதெல்லாம் வேண்டியதுதான், ஆனால் மூன்று மாசம் வாசல் அடைபட்டால் பன்றி எங்கே நிற்கும் என்று யாரும் கேட்பதில்லை. அளவு நாடா ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். குட்டியோடு இருக்கும் தாய்க்குக் கூரைக்குக் கீழே ஏழரை முதல் ஒன்பது சதுர மீட்டர், கடாவுக்கு ஆறே கால் முதல் ஏழரை, சினைக்கு விடாத தாய்க்கு 1.8 முதல் 2.7, மூன்று முதல் ஐந்து மாசப் பன்றிக்கு 0.9 முதல் 1.2. ஓர் அறையில் கறிப்பன்றி 30-க்கு மேல் கூடாது. இந்த அளவில் இன்றைக்கு எத்தனை கொள்ளும் என்று பாருங்கள், அதில் மூன்று மாச விற்பனை அளவுக்கு இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். மாசம் 60 விற்பவரிடம் 180 பன்றிக்கான இடம் சும்மா கிடக்க வேண்டும். சுவர் எழுப்பிக் கூரை போட்டு வைத்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, தளம் போட்ட இடமும் தண்ணீர்க் குழாயும் இருந்து, அவசரத்துக்குத் தகரம் போட முடிந்தால் போதும்.

இதைச் சொன்னதும் பண்ணைக்காரர் சண்டைக்கு வருவார். 'காலியாகப் போட்டு வைக்கவா கடன் வாங்கினேன்?' நியாயமான கோபம்தான். 100 தாயும் 10 கடாவும் உள்ள பண்ணைக்கு தேசியக் கால்நடை இயக்கத்தில் பாதி மானியம், 30 லட்சம் வரை கிடைக்கிறது. அந்தத் திட்ட அறிக்கைகளில் இந்த உபரி இடத்தையும் ஒரு செலவாக எழுதிவிட்டால் பாரம் குறையும். புதிதாகப் பண்ணை போடுபவர்களிடம் நான் இதைத்தான் சொல்வது. 100 தாய் வைக்க மனசு இருந்தால் 100-க்குக் கட்டி 75 வை.

இரண்டாவது, நோய் தூரத்தில் இருக்கும் சமயம். முதுமலையில் செய்தி வந்தது, இடுக்கியில் செய்தி வந்தது, மதுரையில் இன்னும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையைக் குறைக்க வேண்டிய நேரம் இதுதான், வேறு நேரம் இல்லை. 100 கிலோவுக்குக் காத்திருக்காமல் 70 கிலோவிலேயே விற்றுவிட வேண்டும். பால் மறந்த ஐந்தாறு நாளில் தாய் மறுபடி பருவத்துக்கு வரும், அப்போது கடாவிடம் விடாமல் ஒன்றிரண்டு சுற்றைத் தாண்டலாம், 21 நாளுக்கு ஒருமுறை வரத்தான் போகிறது. சும்மா நிற்கும் தாய்க்குத் தீவனச் செலவு உண்டு, ஆனால் அது தப்பிப்பதற்குக் கொடுக்கும் விலை. வெளியிலிருந்து குட்டி வாங்குவதை அன்றே நிறுத்த வேண்டும். விலை மலிவாகக் குட்டி கிடைக்கிறது என்று வருபவனிடம் ஏன் மலிவு என்று கேளுங்கள். நோய்ப் பக்கத்திலிருந்து தப்பித்து வரும் குட்டிதான் அந்தச் சமயத்தில் மலிவாக இருக்கும்.

ஆனால் எண்ணிக்கையைப் பற்றி இவ்வளவு பேசினாலும், உங்கள் ஊரில் நோய் வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கப் போவது நீல டிரம்தான். விடியற்காலை மதுரையிலிருந்து குட்டியானை வண்டி வரும். பின்னால் எட்டுப் பத்து டிரம், மூடி சரியாக உட்காராமல் மேலே சாக்கு போட்டுக் கட்டியிருக்கும். ஓட்டல் மிச்சம், கல்யாண மண்டபத்து இலை, முகூர்த்த நாள் என்றால் டிரம் வழியும். ஒரு பண்ணையில் கவிழ்த்துவிட்டு, விளிம்பில் காய்ந்த சோற்றோடு அதே டிரம் அடுத்த பண்ணைக்குப் போகும். கழுவுவது கிடையாது. அந்த மிச்சத்தில் எங்கோ ஒரு துண்டுப் பன்றிக்கறி இருந்தால் போதும், பதப்படுத்திய கறியில்கூட இந்த வைரஸ் மாசக்கணக்கில் உயிரோடு இருக்கும். 'எங்களுக்கு மட்டன் மெஸ் மிச்சம்தான் சார் வருது' என்பார்கள். மட்டனில் ஆப்பிரிக்கக் காய்ச்சல் இல்லை என்றாலும் கோமாரி வரலாம். 2001-ல் பிரிட்டனில் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளை அழிக்க வைத்த கோமாரி, காய்ச்சாத ஓட்டல் மிச்சம் போட்ட ஒரு பன்றிப் பண்ணையில் தொடங்கியது என்றுதான் விசாரணையில் முடிவானது.

உலக விலங்குச் சுகாதார அமைப்பின் அளவு தெளிவாக இருக்கிறது. 90 டிகிரியில், கிளறிக்கொண்டே, குறைந்தது ஒரு மணி நேரம். சுடுதண்ணீரை ஊற்றிக் கலக்கிவிட்டு 'காய்ச்சியாச்சு' என்றால் அது காய்ச்சியது ஆகாது. ஒவ்வொரு பண்ணையும் தன் வாசலில் அடுப்பு, அண்டா வைத்திருக்கிறதா என்று ஊராட்சி பார்க்கலாம். டிரம் பண்ணைக்கு உள்ளே போகக் கூடாது. வாசலிலேயே பண்ணையின் சொந்தப் பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். வியாபாரியின் ஆளும் அப்படித்தான். காலையில் ஒரு பண்ணையில் கயிறு போட்டுப் பன்றி பிடித்த அதே செருப்போடு அடுத்த கொட்டகைக்குள் இறங்குவான். விற்கும் பன்றியை வாசலுக்கு வெளியே ஒரு தட்டிக் கட்டிய அறைக்குப் பண்ணை ஆளே ஓட்டிக் கொண்டுவந்து விட்டால், அந்தச் செருப்பு உள்ளே வர வேண்டிய அவசியமே இல்லை. செலவு சில ஆயிரம்தான் ஆகும். இருந்தும் செய்தவர்கள் குறைவு.

உங்கள் பக்கத்துக்கென்று இன்னும் இரண்டு விஷயம். சிறுமலை அடிவாரத்தில் காட்டுப்பன்றி இறங்காத தோட்டம் இல்லை. செத்த காட்டுப்பன்றி கிடந்தால் யாரும் தொட வேண்டாம், கறிக்கு எடுப்பதை யோசிக்கவே வேண்டாம், வனத்துறைக்கும் கால்நடை மருந்தகத்துக்கும் உடனே போன் போடுங்கள். பண்ணைக்கு வெளிவேலி ஒன்று, கொட்டகைச் சுவர் ஒன்று என்று இரண்டு தடுப்பு இருந்தால்தான் காட்டுப்பன்றி மூக்கை நீட்டி முகர முடியாது. அப்புறம், நத்தம் பக்கம் மாந்தோப்புக்குள் கொட்டகை போடும் பழக்கம் இருக்கிறது, நிழலுக்காக. மலேசியாவில் 1998, 99-ல் நிப்பா வந்து 105 பேர் இறந்தது அப்படிப்பட்ட பண்ணையில்தான் தொடங்கியது. பழம் தின்ன வந்த வௌவால் கடித்துப் போட்டது கீழே இருந்த பன்றிக்குப் போனது. பத்து லட்சத்துக்கு மேல் பன்றியை அழித்தார்கள். மனிதர்களுக்கு என்ன ஆபத்து என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் ஆப்பிரிக்கக் காய்ச்சலில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. கொட்டகைக்கு மேல் பழமரக் கிளை நீட்டக் கூடாது என்று ஒரு வரி தீர்மானத்தில் சேருங்கள். பன்றி வழியாக மனிதனுக்கு வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் அப்படித்தான். நெல்வயல் கொசு பன்றியைக் கடித்து மனிதனைக் கடிப்பது. மதுரை சின்னச் சொக்கிகுளத்தில் இருக்கும் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) மையம் இந்தக் கொசுக்களைப் பற்றிப் பல வருஷமாக ஆராய்ந்திருக்கிறது. வயலை ஒட்டிப் பண்ணை என்றால் கொட்டகைக்குக் கொசுவலை அடிப்பது வீண் செலவு இல்லை.

ஒன்றை மறந்துவிட வேண்டாம். பண்ணைக்கு மட்டும் வரம்பு பேசிவிட்டு, அவிழ்த்துவிட்ட பன்றிகளை விட்டுவிடுகிறோம். அவனியாபுரம் வெள்ளக்கல் குப்பைக் கிடங்குப் பக்கமோ கிருதுமால் ஆற்று ஓரமோ போய்ப் பாருங்கள். உரிமையாளர் உண்டு, கொட்டகை கிடையாது, தடுப்பூசி கிடையாது, எண்ணிக்கை யாருக்கும் தெரியாது. குப்பையில் என்ன கிடைக்கிறதோ அது தீவனம். உங்கள் ஊரிலும் பத்துப் பதினைந்து சுற்றிக்கொண்டுதான் இருக்கும். 600 பன்றி உள்ள பண்ணையில் ஒன்று செத்தால் மறுநாள் தெரியும். இவற்றில் ஒன்று ஓடைக்குள் செத்தால் நாய் இழுத்துப்போன பிறகுதான் தெரியும். அவற்றை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகள், விரட்டினால் பக்கத்து ஊருக்கு ஓட்டுவார்கள். ஊராட்சிச் செலவில் ஒரு பொதுப் பட்டி போட்டு அடைத்து வைக்கச் சொல்வது 100 என்ற வரம்பைவிட எத்தனையோ மடங்கு பலன் தரும்.

தீர்மானத்தை எப்படி எழுதுவது என்று கேட்டதால் சொல்கிறேன். 'உச்சவரம்பு' என்ற வார்த்தையே வேண்டாம். மூன்று பண்ணைகளும் மாசம் ஒருமுறை தாய்ப்பன்றி எண்ணிக்கையை மட்டும் ஊராட்சிக்கு எழுதித் தர வேண்டும், மூன்று மாச விற்பனைக்கான உபரி இடம் அடுத்த புதுப்பித்தலுக்குள் காட்ட வேண்டும், ஓட்டல் மிச்சம் வாசலில் காய்ச்சாமல் உள்ளே போகக் கூடாது, ஒரே நாளில் இரண்டு மூன்று செத்தால் அன்றே தகவல் சொல்ல வேண்டும், சொன்னவர் மீது ஊர் எந்த நடவடிக்கையும் எடுக்காது. இந்தக் கடைசி வரியைக் கட்டாயம் எழுதுங்கள், கிராமசபையில் சத்தமாக வாசிக்கவும் செய்யுங்கள்.

இன்னொன்று புதைகுழி. நோய் வந்த அன்று 600 பன்றியை எங்கே புதைப்பது என்று தேடினால், ஒவ்வொருவரும் அடுத்தவர் நிலத்தைக் காட்டுவார்கள், கடைசியில் கண்மாய்க் கரையில் தோண்டுவார்கள். கிணறு, கண்மாய், குடிதண்ணீர்க் குழாய் எதற்கும் பக்கத்தில் இல்லாத, ஜே.சி.பி. போய்வரக்கூடிய, நிலத்தடி நீர் மேலே ஏறாத புறம்போக்கு ஒன்றை இப்போதே வி.ஏ.ஓ.வோடு நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பண்ணையின் சொந்த இடத்திலேயே குழிக்கு ஏற்ற மூலை இருந்தால் இன்னும் நல்லது, செத்த பன்றியை ரோட்டில் ஏற்ற வேண்டியதில்லை. சுண்ணாம்பு எத்தனை மூட்டை வேண்டும் என்று மருந்தகத்தில் கேட்டு வையுங்கள். சர்வே எண்ணையும் தீர்மானத்திலேயே எழுதிவிட்டு, ஒரு நகலை கால்நடை மருந்தகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.